‘செட்டிங்ஸ் சொல்லுங்க ப்ரோ’

நல்ல படம் ஒன்றை யார் எங்கே காட்டினாலும் முதல் கேள்வி இதுதான்: “செட்டிங்ஸ் சொல்லுங்க ப்ரோ.” எடுத்தவரும் தாராளமாகச் சொல்லிவிடுவார். எஃப்/1.8, 1/200, ஐஎஸ்ஓ 400. கேட்டவர் குறித்துக்கொள்வார். இருவருக்கும் திருப்தி. படத்தில் இருப்பவர் ஏன் அந்த வெளிச்சத்தில் நின்றார், அவருக்குப் பின்னால் இருந்ததெல்லாம் எங்கே போச்சு என்று ஒருவரும் கேட்பதில்லை.

இதற்கு நேரெதிராக இன்னொரு கூட்டம் இருக்கிறது. இலக்கியக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் இடத்தில் இவர்களைச் சந்திக்கலாம். “கேமரால என்ன சார் இருக்கு? எல்லாம் பாக்கற கண்ணுலதான் இருக்கு” என்பார்கள். சொன்ன கையோடு போனை எடுத்து, அது தானாக எதைத் தருகிறதோ அதை அப்படியே வாங்கிக்கொள்வார்கள். “மொழில என்ன சார் இருக்கு, கவிதை மனசுலதான் இருக்கு” என்று யாராவது சொன்னால் இவர்களே சண்டைக்கு வருவார்கள். சொல்லில் ஓர் அசை கூடினாலும் கண்டுபிடிக்கிறவர்களுக்கு, வெளிச்சத்தில் ஒரு ஸ்டாப் கூடினால் மட்டும் தெரியாதாம்.

எனக்கு இரண்டு தரப்போடும் சண்டை. செட்டிங்ஸ் மனப்பாடம் செய்ய வேண்டிய பார்முலா என்பதும் தப்பு, அது வெறும் டெக்னிக்கல் சமாச்சாரம் என்பதும் தப்பு. ஷட்டர், துவாரம், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ் என்று கேமராவில் நீங்கள் திருப்பும் ஒவ்வொன்றும் எதிரில் இருப்பதைப் பற்றிய ஒரு கருத்து. நீங்கள் திருப்பாவிட்டால் கருத்தே இல்லாமல் போய்விடாது. வேறு யாரோ உங்களுக்காக முன்கூட்டியே ஒரு கருத்தைத் தேர்ந்தெடுத்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ தாம்பரத்தைப் பார்த்ததில்லை. உங்கள் அம்மாவின் முகத்தையும் பார்த்ததில்லை.

எட்டரை மணிக் கூட்டம்

ஷட்டரிலிருந்து தொடங்கலாம். காலை எட்டரைக்குத் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் போய் நில்லுங்கள். 1931-இல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து இந்த ஊரின் காலை அந்த ரயிலைச் சுற்றித்தான் நடக்கிறது. ஈஸ்ட்டிலிருந்து வெஸ்ட்டுக்கும் வெஸ்ட்டிலிருந்து ஈஸ்ட்டுக்கும் ஆட்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போவார்கள்.

பார்முலா என்ன சொல்லும்? “ஆளுங்க நடக்கறாங்களா? 1/500 வெச்சுக்கோங்க, ஷார்ப்பா வரும்.” வரும்தான். கூட்டம் அப்படியே உறைந்து நிற்கும். சாப்பாட்டுப் பையைத் தோள் மாற்றும் பெண், காலேஜ் ஐடி கார்டை வாயில் கவ்விக்கொண்டு சட்டைப் பையைத் துழாவும் பையன், ஓடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பெரியவர் என ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தெரிவார்கள்.

அதே இடத்தில் கேமராவைக் கைப்பிடிச் சுவரில் அழுத்தி வைத்து, 1/8-க்கு இறக்கிப் பாருங்கள். நடப்பவர்கள் எல்லோரும் கரைந்து ஒரே ஓட்டமாக ஆகிவிடுவார்கள். படிக்கட்டு ஓரத்தில் உட்கார்ந்து கடை போட்டிருக்கும் அம்மா மட்டும் தெளிவாக இருப்பார். ஊர் முழுக்க அவரைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது, அவர் அங்கேயே இருக்கிறார் என்று இந்தப் படம் சொல்லும். முதல் படம், இது வெறும் கூட்டமில்லை, ஒவ்வொருத்தரும் ஒரு ஆள் என்று சொல்லும். இரண்டுமே உண்மை. எதைச் சொல்லப் போகிறீர்கள் என்பதை ‘ஆக்‌ஷன் மோட்’ என்று பெயரிட்ட ஒரு பொத்தான் முடிவுசெய்ய முடியுமா?

ஒரு சின்னக் கணக்கு. சானடோரியத்தில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/500 விநாடியில் அது 3 சென்டிமீட்டர்கூட நகராது. 1/30-இல் 46 சென்டிமீட்டர் நகரும். 1/8-இல் ஒன்றேமுக்கால் மீட்டர். அதாவது 1/500-இல் எடுத்த படத்தில் அந்த ரயில் நின்றுகொண்டிருப்பதுபோலவே இருக்கும். ஓடுகிற ரயிலை நிறுத்திக் காட்டிய அமைப்புக்குத்தான் ‘கரெக்ட் செட்டிங்’ என்று பெயர்.

இறக்குமதி வெளிச்சம்

நம் கையில் இருக்கும் பார்முலாக்களில் பாதி வேறு ஊர் வெயிலுக்கும் வேறு ஊர் கரண்டுக்கும் எழுதப்பட்டவை. அதை யாரும் சொல்வதில்லை.

‘கோல்டன் ஹவர்’ என்கிறார்கள். சூரியன் தொடுவானத்திலிருந்து 6 டிகிரி உயரத்துக்குள் இருக்கும் நேரத்தைத்தான் பொதுவாக அப்படிச் சொல்வது. லண்டனில் கோடைக்காலத்தில் சூரியன் சாய்வாக இறங்குவதால் அந்த 6 டிகிரியைக் கடக்க ஏறக்குறைய 50 நிமிடம் பிடிக்கும். நாம் இருப்பது 13-ஆவது அட்சரேகையில். இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழும். 25 நிமிடத்தில் கதை முடிந்துவிடும். ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்பி வண்டலூரிலிருந்து மெதுவாகக் கிளம்பினால், நீங்கள் ட்ரைபாட் விரிப்பதற்குள் இருட்டிவிடும்.

நடுப்பகல் வெயிலில் படம் எடுக்காதே என்பது அடுத்த வேதவாக்கு. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சென்னையில் நண்பகல் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். கண் குழி இருண்டு, மூக்கு நிழல் உதட்டில் விழும். முகத்துக்கு அது மோசமான வெளிச்சம் என்பது சரிதான். ஆனால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் வியாபாரிக்கு அந்த வெயில்தான் வேலை நேரம். அவரை மாலைப் பொன்னொளியில் எடுத்தால் படம் அழகாக இருக்கும், அவர் வாழ்க்கை அதில் இருக்காது. மதியமே போங்கள். நிழலைத் தப்பு என்று நினைக்காமல், நிழலுக்கு வெளிச்சத்தை அளந்து, தரை வெளுத்துப் போனால் போகட்டும் என்று விடுங்கள். அந்த வெளுப்புதான் அந்த வெயில்.

இன்னொன்று, வீடியோ எடுப்பவர்களுக்கு. “30 பிரேம்னா ஷட்டர் 1/60” என்று அமெரிக்க யூடியூபர் சொல்வார். அவர் ஊரில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில் 50. இங்கே சாதாரண டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். 1/60-இல் எடுத்தால் கல்யாண மண்டபம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் நீந்தும். 1/50 அல்லது 1/100 வைத்தால் அடங்கிவிடும். ‘கேமராவே சரியில்ல’ என்று அண்ணன்மார்கள் திட்டிக்கொண்டிருப்பதைக் கேட்கலாம். கேமரா ஒழுங்காகத்தான் இருக்கிறது. பார்முலாவுக்குத்தான் நம் ஊர் மின்வாரியத்தைத் தெரியாது.

பறவை இருக்கிறது, சதுப்பைக் காணோம்

அடுத்தது துவாரம். ‘போக்கே’ என்று எல்லோரும் உருகும் அந்தப் பின்னணி மங்கல். சின்ன எஃப் எண் என்றால் பெரிய துவாரம், பெரிய துவாரம் என்றால் ஆள் மட்டும் தெளிவு, பின்னால் எல்லாம் வெண்ணெய். பெரும்பாலான போன்களில் துவாரம் மாறவே மாறாது. போர்ட்ரெய்ட் மோட் என்பது ஆளின் விளிம்பைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, மிச்சத்தை மென்பொருள் பூசி மெழுகுவதுதான். ஒரே தட்டலில் பின்னணி போய்விடுகிறது. எல்லோரும் தட்டுகிறோம்.

விளைவு? குரோம்பேட்டையில் எடுத்ததும் கொரியாவில் எடுத்ததும் ஒன்றுபோல இருக்கிறது. எங்கள் ஊரை எழுத்தில் கொண்டுவர வேண்டும், நிலத்தை எழுத வேண்டும் என்று நாமே நாவல்களைக் கேட்கிறோம். படம் எடுக்கும்போது மட்டும் நிலத்தைத் துடைத்துப் போடுகிறோம்.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். 2022-இல் அது ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 1,248 ஹெக்டேர். பூநாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீலத் தாழைக்கோழி என்று பறவைகளுக்குக் குறைவில்லை. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியல் ரோடு ஓரம் பீரங்கி மாதிரி லென்ஸுகளோடு ஆட்கள் நிற்பார்கள். 600 மில்லிமீட்டர், எஃப்/6.3. ஐம்பது மீட்டர் தூரத்தில் இருக்கும் பூநாரையை அந்த அமைப்பில் எடுத்தால், முழுச்சட்டக் கேமராவில் தெளிவாக இருக்கும் ஆழம் இரண்டரை மீட்டர் சொச்சம்தான். பூநாரை மட்டும் தெரியும். பின்னால் இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஒரு கனவு.

அந்தக் கனவு என்ன தெரியுமா? பெருங்குடி குப்பைக் கிடங்கு. சதுப்பைக் குறுக்கே வெட்டிப் போட்ட சாலை. கண்ணாடி போர்த்திய ஐடி கட்டடங்கள். பறவைக்கும் அதற்கும் நடுவில் நடக்கிற சண்டைதான் பள்ளிக்கரணையின் கதை. எஃப்/6.3 அந்தக் கதையில் ஒரு தரப்பை அழித்துவிடுகிறது. பார்க்கிறவர், “அடடா, பறவையெல்லாம் நல்லாத்தானே இருக்கு” என்று அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்.

லென்ஸை 70-க்கு இழுத்து, எஃப்/11 வைத்து, அதே பறவைக்கு ஃபோகஸ் செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம் வரை எல்லாமே தெளிவாக வரும். பறவை சின்னதாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அதன் இடம் எவ்வளவு சின்னதாகிவிட்டது என்பதும் அப்போதுதான் தெரியும். நெருக்கப் படமே எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. இறகின் அமைப்பைப் பார்க்க அது வேண்டும். நூறு படத்தில் நூறும் அதுவாகவே இருந்தால், அது ரசனையாகத் தெரியவில்லை, எல்லோரும் சேர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதாகத் தெரிகிறது.

இருட்டு எங்கே போச்சு?

முடிச்சூர் பக்கமோ அகரம்தென் பக்கமோ தெருவிளக்கு எரியாத ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க வேண்டும், படத்தோடு அனுப்பச் சொல்கிறார்கள். போனை எடுத்து அப்படியே ஒரு படம் பிடியுங்கள். தெரு ஜெகஜோதியாக இருக்கும். சுவரொட்டியில் எழுத்துகூடத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “வெளிச்சம் இருக்கேங்க, இதுல என்ன பிரச்சினை?” என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

2018-இல் கூகுளின் பிக்சல் போன்களுக்கு ‘நைட் சைட்’ வந்தது. அடுத்த ஆண்டு ஐபோன் 11-இல் நைட் மோட் வந்தது. சில விநாடிகளுக்குள் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புள்ளிகளைக் குறைத்து, வெளிச்சத்தை ஏற்றித் தருகிற வேலை அது. அருமையான பொறியியல், சந்தேகமே இல்லை. நைட் சைட்டை உருவாக்கியவர்களே, இரவுப் படம் பகல் மாதிரி ஆகிவிடக் கூடாது என்று கவலைப்பட்டு, பழைய ஓவியர்கள் இருட்டை எப்படித் தீட்டினார்கள் என்று பார்த்து, நிழல்களை வேண்டுமென்றே ஆழமாக வைத்ததாக எழுதியிருக்கிறார்கள். ஆக, இரவு எவ்வளவு இருட்டாக இருக்க வேண்டும் என்பதை யாரோ உட்கார்ந்து யோசித்து முடிவு செய்திருக்கிறார்கள். அதே முடிவை நாமும் எடுக்கலாம் என்பது மட்டும் நமக்கு மறந்துவிட்டது.

அந்தத் தெருவை இருட்டாகக் காட்ட வேண்டுமானால் நைட் மோடை அணைத்துவிட்டு, திரையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். உங்கள் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு திரையில் தெரியும்வரை இழுங்கள். இதற்கு டிஎஸ்எல்ஆர் வேண்டாம், கோர்ஸ் வேண்டாம். வேலை முடிந்து அந்தத் தெருவில் நடந்து வருகிற பெண்ணுக்கு அது எப்படி இருந்ததோ, அந்த இருட்டுதான் புகாரில் இருக்க வேண்டிய சாட்சி.

‘பொண்ணு கலரா வரணும்’

இதுவரை சொன்னதெல்லாம் தெருவும் பறவையும். இனி முகம்.

கேமராவின் ஒளிமானிக்கு எதிரில் இருப்பது என்னவென்று தெரியாது. தான் பார்ப்பதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்று நம்புவதுதான் அதன் அடிப்படை. விழுகிற ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் சாம்பல் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கறுப்பு முகம் ஒன்று சட்டத்தை நிறைத்தால், ‘அய்யோ இருட்டு’ என்று நினைத்து ஏற்றிவிடும். அதே முகம் வெள்ளைச் சுவருக்கு முன் வெள்ளைச் சட்டையோடு நின்றால், ‘அய்யோ வெளிச்சம்’ என்று இறக்கிவிடும். முகம் கரிக்கட்டையாகும். நம் ஆள் ஒரே ஆள்தான். வெளுத்தும் போகிறார், கருகியும் போகிறார், தன் நிறத்தில் மட்டும் வருவதே இல்லை. புதிய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து அளக்கின்றன. ஆனால் ‘முகம் என்றால் இவ்வளவு பிரகாசம்’ என்ற எண்ணம் அதற்குள்ளும் இருக்கிறது.

இது தற்செயல் இல்லை. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். ‘ஷர்லி கார்டு’ என்று பெயர். அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். கறுப்பு, பழுப்பு நிறங்களைப் பிலிம் சரியாகக் காட்டவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி, மேஜை செய்பவர்களும் புகார் செய்தது பிலிமைத் திருத்தக் காரணங்களில் ஒன்று என்கிறார். சாக்லேட்டுக்காகச் செய்தது. மனிதர்களுக்கு அது உபரி லாபம். 2021-இல் பிக்சல் 6 போனோடு கூகுள் ‘ரியல் டோன்’ என்று ஒன்றைக் கொண்டுவந்து, எல்லா நிறத் தோலையும் ஒழுங்காகக் காட்டுவோம் என்றது. அதுவரை காட்டவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் பழியை எல்லாம் கோடாக் மேலும் கூகுள் மேலும் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. புறநகரின் எந்தக் கல்யாண ஸ்டுடியோவிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

“தம்பி, பொண்ணு கொஞ்சம் கலரா வர்ற மாதிரி பாத்துக்கப்பா.”

“அதெல்லாம் எடிட்டிங்ல பண்ணிடலாம்மா, கவலையே படாதீங்க.”

‘கலர்’ என்றால் வெளுப்பு. கறுப்பு நம் அகராதியில் கலரே இல்லை. எடிட்டிங்கில் நடப்பது இதுதான்: நம் தோலின் பழுப்பு, மென்பொருள் கணக்கில் ஆரஞ்சின் அடர்ந்த வடிவம். லைட்ரூமில் ஆரஞ்சின் லூமினன்ஸை வலப்பக்கம் தள்ளினால் தோல் மட்டும் வெளுக்கும், பட்டுப்புடவை அப்படியே இருக்கும். ஐந்து விநாடி வேலை. ஒரு படத்தில் செய்ததை ஆயிரம் படத்துக்கும் ஒட்டிவிடலாம். 2020-இல் அந்தப் பெயர்போன க்ரீம்கூடத் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. நம் ஆல்பத்தில் அந்த ஸ்லைடர் இன்னும் வலப்பக்கம்தான் இருக்கிறது.

ஸ்டுடியோக்காரரை மட்டும் திட்டுவது சுலபம். அவர் கடை வாடகை கட்ட வேண்டும். “நெறத்த நெறமா குடுத்தா பேலன்ஸ் பணம் வராது சார்” என்று அவர் சொன்னால் அது பொய்யில்லை. கேட்பவர்கள் நாம்தான். பெண்ணின் அம்மா, மாப்பிள்ளையின் அக்கா, பல நேரம் மணப்பெண்ணே. வெயிலில் வேலை செய்கிற உடம்பு தாழ்ந்தது என்று எத்தனையோ தலைமுறையாக நமக்குள் ஊறியிருப்பதைத்தான் அந்த ஐந்து விநாடியில் அவர் நிறைவேற்றித் தருகிறார்.

கறுப்பைக் கறுப்பாகக் காட்டுவது என்றால் இருட்டாகக் காட்டுவது என்று அர்த்தமில்லை. இங்கேதான் செட்டிங் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பழைய வழி இருக்கிறது. முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டுங்கள். அதற்கு மட்டும் ஸ்பாட் மீட்டரில் அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டி, மேனுவலில் பூட்டிவிடுங்கள். உலகில் யார் உள்ளங்கையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தைத்தான் திருப்பியனுப்பும், நடுச்சாம்பலைவிட ஒரு ஸ்டாப் கூடுதல். இப்போது வெளுத்த முகம் வெளுத்தும், மாநிறம் மாநிறமாகவும், கறுப்பு கறுப்பாகவும் தத்தம் இடத்தில் வந்து உட்காரும். யாரையும் யாருக்காகவும் ஏற்றவோ இறக்கவோ வேண்டாம்.

பிறகு, விளக்கை முகத்துக்கு நேராக வைத்து அடிக்காதீர்கள். கறுப்புத் தோல் ஒளியை உள்வாங்குவது அதிகம் என்பதால் அதன் வடிவம் பளபளப்பில்தான் தெரியும். பாதி திறந்த கதவு, ஜன்னல், வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தம்பி என்று பெரிய பரப்பிலிருந்து பக்கவாட்டில் வரும் வெளிச்சம் போதும். கன்னத்திலும் நெற்றியிலும் கோடு விழும்போது அந்த முகம் எவ்வளவு தூரம் பேசும் என்று பாருங்கள்.

நம்மிடம் இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பாலு மகேந்திரா ஜன்னல் வெளிச்சத்தையும் கறுத்த முகங்களையும் நம்பிப் படம் எடுத்தவர். பி.சி. ஸ்ரீராம் ‘நாயகன்’ (1987) படத்தில் முகத்தின் பாதியை நிழலில் விட்டார், தேசிய விருதும் வாங்கினார். “படம் ஒரே இருட்டு” என்று மணிரத்னம் படங்களைக் கிண்டல் செய்த தலைமுறையும் நம்முடையதுதான். அந்த இருட்டு ஒருவர் அளந்து, தேர்ந்தெடுத்து வைத்தது. அந்தத் துணிச்சலை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளாமல், டயலாக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

‘தாலி கட்டுற நேரத்துல மேனுவலா?’

நியாயமான கேள்வி. மூன்று முடிச்சு விழும் நேரத்தில் டயலைத் திருப்பிக்கொண்டிருந்தால் அடி விழும். ஆட்டோ உதவிக்கு இருப்பதுதான், பயன்படுத்துங்கள். ஷட்டரை 1/100-இல் நிறுத்தி, துவாரத்தையும் நீங்களே வைத்து, ஐஎஸ்ஓவை மட்டும் கேமராவிடம் விடலாம். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மட்டும் கட்டை விரலில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டிக் கூட்டம் சட்டத்தை நிறைத்தால் பிளஸ் ஒன்று, இருண்ட பின்னணி நிறைத்தால் மைனஸ் ஒன்று. எதைக் கேமராவிடம் விட்டேன், எதை விடவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். எம் மோடில் எடுத்தால்தான் கலைஞன் என்கிற வீறாப்பும் ஒரு பார்முலாதான், அதுவும் வேண்டாம்.

ஆகவே, அடுத்த முறை யாராவது செட்டிங்ஸ் கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள், தப்பில்லை. கூடவே ஏன் என்பதையும் ஒரு வரி சேருங்கள். ‘எஃப்/11, பின்னாடி குப்பை மேடு தெரியணும்னு.’ ‘1/8, அந்தம்மா மட்டும் நிக்கணும்னு.’ கேட்டவர் அந்த எண்ணை மறந்துவிடுவார், காரணத்தை மறக்க மாட்டார்.

கண்தான் முக்கியம் என்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை போனின் நைட் மோடையும் ப்யூட்டி மோடையும் அணைத்துவிட்டு வீட்டில் இருப்பவர்களை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஸ்டுடியோவில் அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒரு ரசீது தருவார்கள். ஆல்பம் எத்தனை பக்கம், ட்ரோன் உண்டா, எல்இடி திரை உண்டா என்று அதில் எழுதியிருக்கும். அதன் கீழே உங்கள் கையால் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: ‘முகத்தின் நிறத்தை மாற்றக் கூடாது.’ ஸ்டுடியோ அண்ணன் ஒரு மாதிரி பார்ப்பார். அம்மாவும் ஒரு மாதிரி பார்ப்பார். எழுதுங்கள்.